களவு நிகழ்ந்த வீட்டில் கையும் நாவும்

வெளியூர் சென்று மீள்வோர் தம் வீட்டுப் பூட்டு உடைந்து கிடக்கக் காணின், அப்பதற்றத்தில் முதற்கண் செய்வன இரண்டு. சிதறிய பொருள்களை எடுத்து அடுக்குதல் ஒன்று. இன்னார்தாம் எடுத்திருப்பர் எனப் பெயர் கூறுதல் மற்றொன்று. இவ்விரண்டும் தகாதன என்பது என் துணிபு. களவு கொடுத்தோர்க்கு மட்டுமன்றி, களவோடு தொடர்பே இல்லாதார்க்கும் இவற்றால் கேடு விளைதல் கூடும்.

சில ஆண்டுகட்கு முன் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் எட்டுச் சவரன் நகை களவு போயிற்று. வருவோர் முன் வீடு அலங்கோலமாய்க் கிடத்தலாகாதென்று அவ்வீட்டு அம்மையார் போலீசார் வருமுன்னரே பீரோவைத் துடைத்துத் தரையையும் கழுவிவிட்டார். பின்னர், பதினொரு ஆண்டுகள் அங்குப் பாத்திரம் துலக்கிய பெண்மீது ஐயம் எழுந்தது. மை போட்டுப் பார்ப்பவன் ஒருவனை அழைத்தனர். அவன் 'பழகிய கை' என்றான். அவ்வளவு சொல்வதற்கு மையும் வேண்டுமோ!

கைரேகை கொண்டு குற்றவாளியை அறியும் நிலையம் கல்கத்தாவில் 1897ஆம் ஆண்டிலேயே நிறுவப்பெற்றது. அந்நாள் தொட்டு ரேகையைக் கள்வனைப் பிடிக்கும் கருவியென்றே பலரும் எண்ணுகின்றனர். குற்றமற்றவரை விடுவிப்பதும் அதுவே என்பதை மறந்துவிடுகின்றனர். பீரோவின் கதவில் அயலான் ஒருவனின் ரேகை இருந்திருக்குமாயின் அப்பெண்ணுக்கு அதனினும் சிறந்த சாட்சி யாது? அச்சாட்சியை ஈரத்துணி அழித்தது.

ஆதலின் கதவு உடைந்திருக்கக் கண்டவர் உள்ளே புகாதிருத்தல் நலம்; கள்வன் இன்னும் அகத்தே இருத்தலும் கூடும். வெளியே நின்று 112 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியிற் சொல்க. போலீசார் பார்த்து முடிக்குங்காறும் எதனையும் தொடற்க. காசோலைப் புத்தகமோ வங்கி அட்டையோ காணாவிடின் வங்கிக்கு அறிவிப்பதில் தாமதம் கூடாது.

நிற்க. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின்படி எந்தக் காவல் நிலையத்திலும் முறையிடலாம்; மின்வழி அனுப்பின் மூன்று நாள்களுக்குள் கையொப்பமிடல் வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் படியொன்றைக் கட்டணமின்றிப் பெறுதல் முறையிட்டவரின் உரிமை. பதிய மறுப்பரேல், மாவட்டக் காவற் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் எழுதலாம். அதன் பின்னும் பயனின்றேல் நீதித்துறை நடுவரை நாடலாம். மீட்கப்பெற்ற நகைகள் காவல் நிலையத்தில் நெடுங்காலம் முடங்கிக் கிடத்தலாகாதென 2002ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. ஆகவே நகைகளின் படமும் வாங்கிய சீட்டும் வீட்டிற்கு வெளியிலும் ஒரு படி இருத்தல் பயன்படும்.

'யார்மீது ஐயம்?' எனப் போலீசார் வினவுவர். மறுசாவி எவரிடம் உள்ளது, நாம் ஊரில் இல்லாமையை எவரெவர் அறிவர் என்பன நாம் அறிந்த செய்திகள். அவற்றை ஒளியாது உரைக்க வேண்டும். அதற்கப்பால் ஊகித்து ஒரு பெயரைச் சொல்வது வேறு. அப்பெயருக்குரியவர் மறுநாள் நிலையத்து வாயிலில் நிற்க நேரும்.

அப்பெண் அவ்வாறு இரண்டு நாள் நின்றாள். நகை இன்றளவும் அகப்படவில்லை. எடுத்தவர் எவரென்பதும் தெரியவில்லை. அவள் இப்பொழுது வேறொரு தெருவில் வேலை செய்கிறாள். சந்தைக்குச் செல்ல எங்கள் தெருவே குறுக்குவழி. அவளோ குளக்கரை சுற்றியே செல்கிறாள்.