கெடுத்தபின் தண்டமா? கெடுமுன் காவலா?

இராசஸ்தான் மாநிலம் உதயப்பூர் மாவட்டத்தில் பிச்ரி என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூர் மக்கள் குடிப்பதற்கும் பயிர் செய்வதற்கும் கிணறுகளையே நம்பி வாழ்ந்தனர். 1980களின் இறுதியில் அங்கிருந்த ஆலைகள் எச் அமிலம் என்னும் வேதிப்பொருளைத் தயாரித்தன. அது சாயங்கள் செய்யப் பயன்படும் மூலப்பொருள். ஏறத்தாழ 375 டன் அமிலம் உருவானபோது, 2,440 டன் கசடு கழிவாகச் சேர்ந்தது. அதாவது, விற்ற பொருளைவிட விட்டுச்சென்ற நஞ்சு ஆறு மடங்குக்கும் மேல்.

கழிவுநீர் தூய்மை செய்யப்படாமல் வெளியேற்றப்பட்டது. கசடு திறந்தவெளியில் கொட்டப்பட்டது. மழைநீர் அதனைக் கரைத்து மண்ணுக்குள் இறக்கியது. கிணற்று நீர் நிறம் மாறியது. மனிதரும் கால்நடைகளும் பருக இயலாததாயிற்று. உற்பத்தி நின்ற பின்னரும் துன்பம் நிற்கவில்லை. மண்ணில் தங்கிய நஞ்சு, அடுத்தடுத்த மழையிலும் கீழிறங்கியது. நிலத்தடி நீர் மிக மெதுவாகவே நகரும். ஆதலால் அது விரைவில் தூய்மையடைவதில்லை.

1989ஆம் ஆண்டு இவ்வழக்கு உச்ச நீதிமன்றத்தை அடைந்தது. மாசுபடுத்தியவரே சீர்செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்று 1996 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. நீதியின்பாற்பட்ட தீர்ப்புதான். ஆயினும் பணம் வந்து சேரவில்லை. 37 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகையை வட்டியுடன் செலுத்துமாறு 2011ஆம் ஆண்டு நீதிமன்றம் மீண்டும் ஆணையிட நேர்ந்தது. வழக்குத் தொடங்கிய ஆண்டில் பிறந்த குழந்தை, அப்போது வாக்குரிமை பெற்ற குடிமகனாக வளர்ந்திருக்கும். அத்தனை ஆண்டுகள் அந்த வீட்டின் தாகம் காத்திருக்குமா? தண்டத்தொகை இழப்பை ஈடுசெய்யலாம். கெட்ட ஊற்றை உடனே மீட்டுத் தராது.

ஆகவே, இதனினும் சிறந்த நெறி வேண்டும். அந்நெறியை அதே 1996ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் மற்றொரு வழக்கில் வலியுறுத்தியது. தமிழ்நாட்டில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது பற்றிய வழக்கு அது. தீங்கு நேருமுன் தடுப்பது அரசின் கடமை என்றும், தம் தொழில் தீங்கற்றது என மெய்ப்பிக்கும் பொறுப்பு ஆலை நடத்துவோருக்கே உரியது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

ஆலைகள் இன்றேல் வேலை ஏது என்று சிலர் வினவுவர். அவ்வினா புறந்தள்ளத்தக்கதன்று. எனினும், கழிவைத் தூய்மை செய்யும் செலவும் தொழிலின் முதலீடே. அதனை மிச்சப்படுத்தி ஈட்டும் ஊதியம், ஊராரின் கிணற்றிலிருந்து எடுத்த கடனாகும்.

1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம், ஆலைக்கு ஒப்புதல் மறுக்கும் அதிகாரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு வழங்கியுள்ளது. அவ்வதிகாரம் கழிவு வெளியேறுமுன் பயன்பட வேண்டும். ஆலையை அடுத்த கிணறுகளின் நீரை முறையாக ஆய்ந்து, முடிவுகளை ஊர் மக்கள் படிக்கும் மொழியில் ஊராட்சி அலுவலகத்தில் எழுதிவைக்க வேண்டும். நீரின் நிறம் மாறிய பிறகு விழிப்பது காவலாகாது.