பெருமாளின் மாமனார் வீடு

க்ஷேத்திர யாத்திரை போகிறவர்களில் பலருக்குக் கோயில் வேண்டும், கடல் வேண்டும், அந்தக் கரையில் குடியிருக்கும் மனிதர்கள் மட்டும் வேண்டாம். இந்த விசித்திரமான பக்தியோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு.

திருக்கண்ணபுரம் நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று. நம்மாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் குலசேகராழ்வாரும் பாடிய தலம். அங்கே எழுந்தருளியிருக்கும் சௌரிராஜப் பெருமாள், மாசி மகத்தன்று கடலாடுவதற்காக, நெரவிக்கு அடுத்த திருமலைராயன்பட்டினத்துக்கு வருகிறார். ஊர் எல்லையை மட்டுமல்ல, ராஜ்ய எல்லையையே தாண்டி வருகிறார். திருக்கண்ணபுரம் தமிழ்நாடு, பட்டினமோ புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்ட காரைக்கால் பகுதி. 1954 வரை பிரெஞ்சுக்காரர் கொடி பறந்த கரை அது.

இவ்வளவு தூரம் வருவதற்குக் காரணம் உண்டு. மீனவர் தலைவனின் மகளாகப் பிறந்த பத்மினியைப் பெருமாள் மணந்தார் என்கிறது தல வரலாறு. ஆகவே மீனவர்கள் அவரை வெறும் பக்தர்களாக எதிர்கொள்வதில்லை. பெண் கொடுத்தவர்களாக, "மாப்பிள்ளை" என்று உரிமையோடு அழைத்து எதிர்கொள்கிறார்கள்.

நெரவியில் தங்கி நான் அந்தத் தீர்த்தவாரியைப் பார்க்கப் போனபோது, பக்கத்தில் நின்ற கனவான் ஒருவர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"திவ்யமான சேவை, ஸார்! இந்தக் கருவாட்டு நாற்றந்தான் பொறுக்கவில்லை."

"மாப்பிள்ளைக்குப் பொறுக்கிறதே!" என்றேன்.

"அதெல்லாம் தத்துவம், ஸார். ஜீவாத்மா பரமாத்மாவைச் சேருவது."

தத்துவம்! நமக்குச் சௌகரியப்படாத கதை மட்டும் எப்படித் தத்துவமாகிவிடுகிறது? பிரகலாதனுக்காகத் தூணைப் பிளந்தது நிஜம். யானையின் கூக்குரலுக்கு ஓடி வந்தது நிஜம். மீனவன் வீட்டில் பெண் எடுத்தது மாத்திரம் உருவகமா?

'ஒரு நாள் மரியாதை கொடுத்துவிட்டு, மற்ற முந்நூற்றுச் சொச்ச நாளும் ஒதுக்கிவைக்கும் தந்திரந்தானே இது?' என்று பகுத்தறிவாளர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் ஒதுக்கிவைப்பவர்கள் நாம், அவர்கள் அல்ல. அவர்கள் அந்த உறவைத் தந்திரமாக நினைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று கடல் இந்தக் கரையிலுள்ள மீனவர் கிராமங்களுக்குள் புகுந்து உயிர்களை வாரிக்கொண்டு போயிற்று. அதே கடலின் ஓரத்தில் நின்றுதான் இன்றும் மாப்பிள்ளையை அழைக்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு முன்னால் நம்முடைய கைக்குட்டை பக்தி எம்மாத்திரம்?

யாத்திரை போகிறவர்களுக்கு நான் பெரிய சீர்திருத்தம் எதுவும் சொல்லவில்லை. தீர்த்தமாடியதும் காருக்கு ஓடாமல், அந்தத் தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடியுங்கள். வலை எப்படி, படகு எப்படி, பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று நாலு வார்த்தை விசாரியுங்கள். உங்கள் பெருமாள் சம்பந்தம் செய்துகொண்ட இடத்தில் உங்களுக்குத் தண்ணீர் குடிக்க என்ன தடை?

கடல் நீராட்டம் புண்ணியம் தரும் என்கிறார்கள். தரட்டும். ஆனால் மாமனார் வீட்டு வாசல்வரை வந்து, மாப்பிள்ளையை மட்டும் கும்பிட்டுவிட்டு, வீட்டுக்காரரைக் கண்டு மூக்கைப் பிடிக்கிறவனுக்கு எந்த ஊரிலும் விருந்தாளி என்று பெயர் இல்லை.