முகாமுக்குப் பெயர் மாறியாச்சு, குடியுரிமை எங்கே?

தோழர்களே, பழவிளை, பெருமாள்புரம் அகதி முகாம்கள் நம் குமரி மாவட்டத்தில்தான் இருக்கின்றன. 2021ல் அரசு அவற்றை 'மறுவாழ்வு முகாம்' ஆக்கியது. புது வீடுகளும் கட்டித் தருகிறது. வரவேற்கிறோம்.

முகாம் பிள்ளைகளைப் பட்டம் வரை கொண்டுவந்ததில், 1984ல் ஈழ அகதிகளே தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் இங்கேயே பிறந்து படித்தவரும் குடியுரிமை இல்லாமல் அரசு வேலைக்குப் போக முடியாது. 2019 குடியுரிமைத் திருத்தமும் இலங்கையை விட்டுவிட்டது.

முகாம்களில் கணிசமானோர் மலையகத் தமிழர். தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போன ஒடுக்கப்பட்ட சாதியாரின் வாரிசுகள் அவர்களில் ஏராளம். 1948ல் இலங்கை அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை ஏற்பதாக இந்தியா கையெழுத்திட்டது. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஏப்ரல் 14 மேடைகளில் இதையும் தீர்மானமாகப் போடுவோம்.