மூலையில நிக்கிறவங்களும் நம்ம சொந்தந்தானே?

மக்களே, இந்தப் பதிவுல கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கும். ஒத்துக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆயிடலாம், கோச்சுக்க மாட்டேன் :-)

விஷயம் இதுதான். வைட் ஆங்கிள்ல எடுத்த படத்துல நாலு மூலையும் இருட்டா இருக்கேன்னு யாராவது கேட்டா, நம்ம ஆளுங்ககிட்ட இருந்து மூணே மூணு பதில்தான் வருது. ஒண்ணு, "லென்ஸ் சரியில்ல, மாத்துங்க". ரெண்டு, "சாஃப்ட்வேர்ல ஒரு தட்டு தட்டுனா போயிடும்". மூணு, "அதுல ஒரு ஃபீல் இருக்கு பாஸ், அப்படியே விடுங்க". மூணுமே சோம்பேறிப் பதில். எதனால இருட்டுச்சுன்னு ஒரு கேள்வி கூடக் கேக்காம மருந்து எழுதுற பதில். காய்ச்சல்னு போனவனுக்கு, எத்தனை நாளா இருக்குன்னு கூட விசாரிக்காம ஊசியைக் குத்துனா எப்படி இருக்கும்? அதேதான்.

மூலைதானே, போனா போகுதுன்னு நினைக்கிறீங்களா? எங்க ஊர்ப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வந்து பாருங்க. எலவனாசூர்கோட்டை தெரியும்ல? உளுந்தூர்பேட்டையில இருந்து கள்ளக்குறிச்சி வழியா சேலம் போற ரோட்டுல, தியாகதுருகத்துக்கு முன்னாடி வரும். மண்டபத்துல குரூப் போட்டோன்னு கூப்பிட்டா நாப்பது பேர் மேடையில ஏறிடுவாங்க. பின்னாடி போக இடம் கிடையாது. போட்டோகிராபர் 18 மி.மீ.க்குத் திருப்பி ஒரே அமுக்கு. நடுவுல பொண்ணு மாப்பிள்ளை பளிச்சுன்னு இருப்பாங்க. ஓரத்துல யாரு? சமையக்கட்டுல இருந்து கையைத் துடைச்சுக்கிட்டே ஓடி வந்த அத்தை. மொய் நோட்டை மூடி வெச்சுட்டு வந்த சித்தப்பா. வெக்கப்பட்டு கடைசியில ஒட்டிக்கிட்ட ஊர்க்காரப் பையன். நடுவுல நிக்கிறவங்களுக்கு ஆல்பம் பூரா படம் இருக்கு. ஓரத்துல நிக்கிறவங்களுக்கு அந்தக் கல்யாணத்துலயே அந்த ஒரு படம்தான். அதுலயும் மூஞ்சி இருட்டு, போதாததுக்கு தலை வேற இழுத்துவிட்ட மாதிரி நீண்டுகிட்டு இருக்கும். இதுக்குப் பேரு ஃபீலா? நல்லா வருது வாயில.

சரி, சண்டையை அப்புறம் வெச்சுக்கலாம். முதல்ல நோய் என்னன்னு பார்ப்போம்.

மூலை இருட்டுக்கு ஒரே காரணம் கிடையாது. அடிக்கடி வர்றது நாலு.

1. வெளியில இருந்து மறைக்கிறது. யூவி ஃபில்டர் மேல போலரைசர், அதுக்கு மேல ஹூட்னு அடுக்கினா, வைட்ல அந்த வளையமே மூலையில வந்து நிக்கும். பூ இதழ் மாதிரி வெட்டின ஹூட்டை கோணலா மாட்டினாலும் இதே கதைதான். இந்த இருட்டுக்கு ஓரம் ஓரளவு கெட்டியா இருக்கும். எஃப்/11, எஃப்/16னு போகப் போக அந்த ஓரம் இன்னும் கூர்மையாத் தெரியும். செல்போன்ல மாட்டுற கிளிப் லென்ஸ் ஒரு பக்கமா நகர்ந்திருந்தா ஒரு மூலை மட்டும் கருப்பாகும். சின்ன சென்சாருக்குன்னு செஞ்ச லென்ஸை ஃபுல் ஃபிரேம் கேமராவுல மாட்டினா சுத்தியும் கருப்பு வட்டமே விழும்.

2. லென்ஸுக்குள்ளயே மறைக்கிறது. அபெர்ச்சரை முழுசாத் திறந்து வெச்சா, சாய்வா வர்ற ஒளியில ஒரு பகுதியை முன் கண்ணாடி, பின் கண்ணாடியோட விளிம்பே வெட்டிடும். இதை நீங்களே கண்ணால பார்க்கலாம். லென்ஸைக் கழட்டி, அபெர்ச்சர் முழுசாத் திறந்த நிலையில, வெளிச்சத்துக்கு எதிரா கை நீட்டிப் பிடிங்க. நேராப் பார்த்தா வட்டம். மெல்ல சாய்ச்சா அந்த வட்டம் பூனைக்கண்ணு மாதிரி ஒடுங்கும். ஓட்டையைச் சின்னதாக்கிட்டுச் சாய்ச்சா ரொம்ப தூரம் வரைக்கும் முழுசாவே இருக்கும். ரெண்டு மூணு ஸ்டாப் குறைச்சா இந்த வகை இருட்டு பெரும்பாலும் காணாமப் போறதுக்கு இதுதான் காரணம்.

3. இயற்கையோட கணக்கு. சாய்வா வர்ற ஒளி பலவீனமாத்தான் விழும். எவ்வளவு பலவீனம்னா, கோணத்தோட கொசைனை நாலு தடவை பெருக்கிக்கணும். 30 டிகிரியில 56 சதவீதம். 45 டிகிரியில வெறும் 25 சதவீதம், அதாவது ரெண்டு ஸ்டாப் அவுட். ஃபுல் ஃபிரேம்ல 50 மி.மீ. லென்ஸுக்கு மூலையில 71 சதவீதம் வெளிச்சம் கிடைக்கும்னா, 24 மி.மீ.க்கு சுமார் 30தான். இது வெறும் கணக்கு. எஸ்.எல்.ஆர்.ல கண்ணாடி எழும்ப இடம் வேணுமேன்னு லென்ஸைப் பின்னாடி தள்ளி வடிவமைச்சதால, அந்த வைட் லென்ஸுங்க இதை விடக் கொஞ்சம் நல்லாவே செய்யும். ஆனா முழுசாத் தப்ப முடியாது, அபெர்ச்சரைக் குறைச்சாலும் இது போகாது.

4. ஃபிளாஷ். கல்யாண வீட்டுக் கேஸ்ல பாதி இதுதான், யாரும் சந்தேகப்படறதே இல்ல. லென்ஸ் 18ல நிக்குது, ஃபிளாஷ் தலை 50ல நிக்குது. நடுவுல மட்டும் டார்ச் அடிச்ச மாதிரி விழுந்தா லென்ஸ் என்ன பண்ணும் பாவம்? ஃபிளாஷ் தலையை வைட்டுக்குத் தள்ளி, அதுலயே மடக்கி வெச்சிருக்கிற பிளாஸ்டிக் தகட்டை இழுத்து விட்டாலே பெரும்பகுதி சரியாயிடும். கேமராவோட ஒட்டுன குட்டி ஃபிளாஷ்னா, பெரிய லென்ஸோட நிழல் படத்துக்குக் கீழ நடுவுல அரைவட்டமா விழும். அது மூலை இருட்டே இல்ல.

எது நம்ம கேஸ்னு கண்டுபிடிக்க பைசா செலவில்ல. மேகம் மூடின நாள்ல வானத்தைப் பார்த்து, ஃபில்டர் ஹூட் எல்லாத்தையும் கழட்டிட்டு ஒரு படம். அப்புறம் ஒண்ணொண்ணா மாட்டி ஒவ்வொரு படம். அடுத்தது, முழுசாத் திறந்து ஒண்ணு, எஃப்/8ல ஒண்ணு, வெளிச்ச அளவு மாறாம ஷட்டரைச் சரி பண்ணிக்கணும். கழட்டினதும் போச்சுன்னா முதல் வகை. எஃப்/8ல போச்சுன்னா ரெண்டாவது. எதுக்கும் மசியாம மெல்லிசா நிக்குதுன்னா மூணாவது. ஃபிளாஷ் போட்டா மட்டும் வருதுன்னா நாலாவது. வானத்துக்குப் பதிலா வெள்ளைச் சுவத்தை எடுக்கறவங்க, கேமராவைத் தலைகீழாப் பிடிச்சு இன்னொண்ணும் எடுங்க. படத்துல இருட்டு இடம் மாறிடுச்சுன்னா அது சுவத்தோட நிழல். மாறாம அதே மூலையில இருந்தா கேமரா பக்கம்தான் வேலை. மொத்தமே கால் மணி நேரம்.

இப்ப "லென்ஸை மாத்துங்க" கோஷ்டிக்கு வர்றேன். மேல சொன்ன நாலுல, லென்ஸை மாத்தினா தீர்ற கேஸ் எத்தனை? ரெண்டாவதுல கொஞ்சம், மூணாவதுல கொஞ்சம். ஃபில்டர் அடுக்கினவன் புது லென்ஸ்லயும் அடுக்குவான். ஃபிளாஷ் 50ல நின்னா எந்த லென்ஸுக்கும் அதே டார்ச்தான். ஒரு கடையில என் காது படவே, கிட் லென்ஸோட வந்த ஒரு தம்பிகிட்ட "இதெல்லாம் குப்பை தம்பி"ன்னாங்க. அவர் லென்ஸ் மூக்குல ரெண்டு ஃபில்டர் அப்படியே உக்காந்திருக்கு! 2019ல கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாவே ஆயிடுச்சு. ஆனாலும் ஒரு லென்ஸை மாட்டிப் பார்த்து வாங்கணும்னா எங்க ஊர்க்காரங்க பஸ் ஏறித்தான் ஆகணும். கரும்புக் காசுல கேமரா வாங்கின பையன்கிட்ட, ஃபில்டரைக் கழட்டிப் பாருன்னு சொல்றதுக்கு முன்னாடி பல்லாயிரம் ரூபாய் லென்ஸைச் சொல்றது அறிவுரை இல்ல சாமி, வியாபாரம்.

அடுத்தது "சாஃப்ட்வேர்ல தட்டு" கோஷ்டி. தட்டலாம், நானும் தட்டறேன். ஆனா அது இலவசம்னு நினைக்காதீங்க. ரெண்டு ஸ்டாப் இருட்டைத் தூக்கினா, அங்க இருக்கிற புள்ளி புள்ளிக் குறையும் சேர்ந்தே எழும்பும். ஐஎஸ்ஓ 800ல எடுத்த படத்துக்கு மூலை மட்டும் கிட்டத்தட்ட 3200 மாதிரி ஆயிடும். ராத்திரியில செல்போன் அல்ட்ரா வைட்ல எடுத்த படத்தைப் பெருசு பண்ணிப் பாருங்க. போன் உள்ளுக்குள்ளயே மூலையைத் தூக்கிக் கொடுத்திருக்கும், அத்தை மூஞ்சி மெழுகு பொம்மையாட்டம் இருக்கும். ஹூட்டோ ஃபில்டரோ மொத்தமா மறைச்ச இடத்துல ஒளியே வரலை. வராததை எந்த சாஃப்ட்வேர் எங்க இருந்து கொண்டு வரும்? அதனால சாஃப்ட்வேர்ங்கறது மூணாவது வகைக்கான கடைசி மருந்து. மத்த மூணையும் எடுக்கும்போதே தீர்த்திருக்கணும்.

கடைசியா நம்ம "ஃபீல்" அண்ணன்மாருங்க. விக்னெட்ங்கிற சொல்லே பிரெஞ்சுல திராட்சைக் கொடியில இருந்து வந்தது. அந்தக் காலப் புத்தகத்துல ஓரத்துல வரைஞ்ச கொடி அலங்காரம். அலங்காரம் தப்பில்ல. ஒரு பாட்டி முகத்தை மட்டும் எடுக்கறீங்க, பின்னாடி ஓலைத் தட்டி இருக்கு, சுத்தி லேசா இருட்டாக்கினா அழகுதான். அது நீங்களா எடுத்த முடிவு. தெரியாம விழுந்ததுக்கு அப்புறமா கலைன்னு பேர் வெக்கறீங்க பாருங்க, அதைத்தான் சொல்றேன். சாதத்தை அடிப்பிடிக்க விட்டுட்டு, இது புது ரெசிபின்னு சொல்ற மாதிரி.

பழைய ஆளுங்க இந்த மூலைக்குப் பட்ட பாடு தெரியுமா? 1900ல ஜெர்மனியில கோயர்ஸ் கம்பெனி ஹைபர்கான்னு ஒரு லென்ஸ் கொண்டு வந்தாங்க. ரொம்ப ரொம்ப அகலமான பார்வை. நடுவுல வெளிச்சம் கொட்டும், ஓரம் காயும். அதுக்கு என்ன பண்ணாங்க? லென்ஸுக்கு முன்னாடி நட்சத்திர வடிவுல ஒரு குட்டிக் காத்தாடியை வெச்சு, ரப்பர் பந்தை அமுக்கிக் காத்தடிச்சு சுத்த விட்டாங்க! சுத்துற காத்தாடி நடு வெளிச்சத்தை மட்டும் தடுக்கும், ஓரத்துக்கு ஒளி சேர நேரம் கிடைக்கும். 1969ல ஸைஸ் ஹோலோகான் 15 மி.மீ. கேமராவுக்கும் நடுவுல கருத்து ஓரம் வெளுத்த ஃபில்டர் ஒண்ணு சேர்த்தே கொடுத்தாங்க. அவங்க யாரும் ஃபீல்னு சொல்லித் தப்பிக்கலை.

நம்ம ஊர்லயே ஒரு உதாரணம் இருக்கு. லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு ராணுவ அதிகாரி, சென்னை அரசாங்கத்தோட புகைப்படக்காரர். 1858ல தஞ்சாவூர் பெரிய கோயில் விமானத்தோட அடித்தளக் கல்வெட்டை எடுத்தார். ஒரே படத்துல அமுக்கலை. பகுதி பகுதியா எடுத்த 21 அச்சுகளை வரிசையா ஒட்டி 19 அடிக்கு மேல நீளமா ஒரு சுருள். அதுவும் காகித நெகட்டிவ் காலத்துல!

எங்க எலவனாசூர் அர்த்தநாரீஸ்வரர் கோயில்லயும் சோழர் காலக் கல்வெட்டு இருக்கு. இந்த மாதிரிக் கோயிலுக்குக் கேமராவோட வர்ற நம்ம ஆளுங்க, பிரகாரத்துல பின்னாடி போக இடமில்லன்னு மொத்தச் சுவத்தையும் வைட்ல ஒரே அமுக்கா அமுக்கறாங்க. கல்வெட்டு வரி எங்க ஆரம்பிக்குது, எங்க முடியுது? ஓரத்துல! ஓரம் இருட்டுனா ஒரு வரியோட கடைசி எழுத்தும் அடுத்த வரியோட முதல் எழுத்தும் போச்சு. வாசிக்கறவர் எதை வெச்சு ஒட்டுவார்? நாலு படமா, ஒண்ணுக்கொண்ணு மூணுல ஒரு பங்கு மேல ஏறுற மாதிரி, கொஞ்சம் டைட்டான லென்ஸ்ல எடுத்தா முடிஞ்சுது. அந்தக் கல்லு ஆயிரம் வருசம் தாங்கும்னு நம்பி இருக்கக் கூடாது. சுண்ணாம்பு அடிக்கறவங்களும் மணல் பீய்ச்சிக் கழுவுறவங்களும் இருக்கிற நாடு இது. நாளைக்கு உங்க படம் மட்டும்தான் மிச்சமிருக்கலாம்.

குரூப் போட்டோவுக்கும் அதே நியாயம்தான். நாற்காலியை நகர்த்தியாவது ரெண்டடி பின்னாடி போங்க, 18ஐ விட்டு 24, 28க்கு வாங்க. ஓரத்துல ஒரு ஆள் அகலத்துக்குக் காலி இடம் விடுங்க, அப்புறம் வெட்டிக்கலாம். எஃப்/8 பக்கம் வையுங்க. அப்பவும் கொள்ளலையா? ரெண்டு குரூப்பாப் பிரிச்சு ரெண்டு படம் எடுங்க. மேடையில நாலு பேர் முனகுவாங்க, முனகட்டும். அந்த அத்தை மூஞ்சி தெரியுதான்னு கேமராத் திரையில ஒரு தடவை பெருசு பண்ணிப் பார்த்துட்டு, அப்புறம் எல்லாரையும் சாப்பிட அனுப்புங்க.

டிஸ்கி: "என் லென்ஸ் பேரு இது, இருட்டா வருது, என்ன பண்ண?"ன்னு மொட்டையா பின்னூட்டம் போடாதீங்க மக்கா. வானத்தை எடுத்த ரெண்டு படம், ஃபில்டரோட ஒண்ணு, இல்லாம ஒண்ணு, அபெர்ச்சர் என்னன்னு சேர்த்துச் சொல்லுங்க. உக்காந்து பேசலாம். "ஃபீல்"னு பின்னூட்டம் போடறவங்களுக்கு மட்டும், அடுத்த கல்யாணத்துல உங்களை ஓரத்துலதான் நிக்க வெப்பேன், சொல்லிட்டேன் :-)