எந்த வள்ளத்தில் ஏறுவது?



சேமிப்பு, பிள்ளைகளின் படிப்பு, உடல்நலம் என்று இந்தப் பக்கத்தில் எத்தனையோ விடயங்களைப் பேசியிருக்கிறோம். இந்த மாதம் வள்ளத்தைப் பற்றிப் பேசலாம் என்றிருக்கிறேன். "வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, றொசல்லயில், தேயிலை மலையில் இருக்கிற உங்களுக்கு வள்ளத்தைப் பற்றி என்ன தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கடந்த கோடையில் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வரும்வரை எனக்கும் ஒன்றும் தெரியாது.

அழைத்தவள் என் சின்னம்மாவின் மகள். "அக்கா, இவரு போட்டு வாங்கப் போறாரு. ரெண்டு பாத்து வச்சிருக்காரு. ரெண்டும் அலுமினியம். எது நல்லதுன்னு என்னையக் கேக்குறாரு. எனக்கு ரெண்டுமே வேணாம்னுதான் தோணுது. ஆனா பிள்ளைங்க ஆசப்படுதுங்க" என்றாள்.

அவளுக்கு ஏன் வேண்டாம் என்று தோன்றுகிறது என்பது எனக்குத் தெரியும். 1977ஆம் ஆண்டுக் கலவரத்துக்குப் பிறகு மலையகத் தோட்டங்களை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போன குடும்பங்களில் சின்னம்மாவின் குடும்பமும் ஒன்று. 1990 ஜூனில் மறுபடி போர் மூண்டதும் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து இராமேஸ்வரத்துக்கு வள்ளம் ஏறினார்கள். அப்போது இவளுக்கு ஒன்பது வயது. இரவு நேரம். ஏற்ற வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு ஆட்கள். வள்ளத்தின் விளிம்புக்கும் கடலுக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லையாம். சின்னம்மா விடியும்வரை ஒரு பால்மா டின்னால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். மண்டபம் முகாமில் வளர்ந்து, மணமுடித்துக் கனடா போய், இரண்டு பிள்ளைகளுக்குத் தாயான பிறகும், வள்ளம் என்ற சொல்லைக் கேட்டால் அவளுக்குக் கணுக்கால் நனைகிற மாதிரி இருக்கும்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கும் இப்படி ஒரு வள்ளம் நினைவில் இருக்கும். கிளாலிக் கடல்நீரேரியை இரவில் கடந்தவர்கள் இருக்கிறீர்கள். 2009இல் முல்லைத்தீவுக் கரையிலிருந்து காயப்பட்ட உறவுகளைக் கப்பலுக்குக் கொண்டுபோன வள்ளங்களைப் பார்த்து நின்றவர்கள் இருக்கிறீர்கள். ஆகவே அவளிடம் "பயப்படாதே" என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "பயம் இருக்கட்டும். அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே கேள்வி கேள்" என்றேன்.

என்ன கேள்வி கேட்பது? மன்னாரில் மீன்பிடிக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட தோழி ஒருத்தியிடம் நான் விசாரித்தேன். கனடாவின் விதிகளை அவள் தேடிப் படித்தாள். இருவரும் நாலைந்து நாள் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். கடற்கரையில் வாழும் சகோதரிகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்குப் பயன்படும்.

இரண்டு வள்ளங்கள்

நம் நாட்டில் எஞ்சின் பூட்டிய சிறு வள்ளங்கள் பெரும்பாலும் கண்ணாடியிழையால் ஆனவை. கனடாவிலும் அமெரிக்காவிலும் ஏரிகளில் அலுமினிய வள்ளங்கள் சாதாரணம். எடை குறைவு, கல்லில் இடித்தால் நசுங்குமே தவிர எளிதில் உடையாது.

தங்கையின் கணவர் பார்த்து வைத்திருந்த இரண்டுமே பாவித்த வள்ளங்கள். முதலாவது 12 அடி நீளம், 4 அடி அகலம். அடிப்பாகம் தட்டை, பக்கங்கள் தாழ்வு. 15 குதிரைவலு எஞ்சின். காரின் கூரையிலேயே கட்டிக் கொண்டுபோகலாம். மற்றது 14 அடி நீளம், 5 அடி அகலம். அடிப்பாகம் நடுவில் கூராக இறங்கியிருக்கும், பக்கங்கள் உயரம். எஞ்சின் 9.9 குதிரைவலுதான். இழுத்துப் போக ட்ரெய்லர் வேண்டும். விலை ஏறக்குறைய ஒன்றுதான். அவருக்கு முதலாவதில்தான் ஆசை. வேகமாக ஓடும், ட்ரெய்லர் செலவும் இல்லை.

முதல் கேள்வி: நாங்கள் எத்தனை பேர்?

வள்ளத்தின் நீளத்தையும் வேகத்தையும் பேசுமுன் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ண வேண்டும். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மாமியார் என்று அவர்கள் ஐந்து பேர்.

கனடாவில் இத்தகைய சிறு வள்ளங்களின் உட்புறத்தில் ஒரு சிறிய தகடு ஒட்டப்பட்டிருக்கும். எத்தனை பேர் ஏறலாம், எவ்வளவு எடை தாங்கும், எத்தனை குதிரைவலு எஞ்சின்வரை பூட்டலாம் என்பதெல்லாம் அதில் இருக்கும். தகடு இல்லாத சிறு வள்ளத்துக்கு அமெரிக்கக் கரையோரக் காவல்படை ஓர் எளிய கணக்குச் சொல்கிறது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் அளந்து, பெருக்கி, 15ஆல் வகுக்க வேண்டும். 12 அடி வள்ளத்துக்கு 12 × 4 = 48; 15ஆல் வகுத்தால் மூன்று பேர். 14 அடி வள்ளத்துக்கு 14 × 5 = 70; வகுத்தால் நான்கு பேர், மிச்சத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது. அதுவும் அமைதியான காலநிலையில் மட்டுமே. காற்று வீசினால் இன்னும் குறைக்க வேண்டும்.

முதலாவது வள்ளத்தில் அந்தக் குடும்பத்தில் இரண்டு பேருக்கு இடமே இல்லை. பெரிய வள்ளத்திலும் ஒருவர் கரையில் நிற்க வேண்டும். "பிள்ளைதானே, மடியில் இருக்கட்டும்" என்று சொல்லக்கூடாது. மடியில் இருந்தாலும் பிள்ளைக்கும் எடை உண்டு.

இரண்டாவது கேள்வி: அடிப்பாகம் எப்படி?

இங்கேதான் நம்மைப் போன்றவர்கள் ஏமாந்துவிடுவோம். தட்டை அடி வள்ளத்தில் கரையோரம் கால் வைத்தால் ஆடாது. கூர் அடி வள்ளம் கால் வைத்ததும் கொஞ்சம் சரியும். பயந்தவளுக்கு முதலாவதுதான் நல்லது என்று தோன்றும். நடு ஏரியில் காற்று எழும்பினால் நிலைமை மாறிவிடும். தட்டை அடி அலையின் மேல் பலகைபோல அறையும். தாழ்ந்த விளிம்பைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வரும். கூர் அடி அலையை வெட்டிப் போகும். உயர்ந்த பக்கம் தண்ணீரைத் தடுக்கும்.

தட்டை அடி கெட்டது என்று சொல்லவில்லை. சிறு குளத்துக்கும் அமைதியான ஆற்றுக்கும் அதுவே பொருத்தம். இவர்கள் போக நினைத்தது ரொறன்ரோவுக்கு வடக்கே உள்ள சிம்கோ ஏரிக்கு. கரை தெரியாத அளவுக்குப் பெரிய ஏரி; காற்று வந்தால் சீக்கிரமே அலை எழும்பும். "வள்ளத்தைப் பார்க்குமுன் தண்ணீரைப் பார்" என்றாள் மன்னார்த் தோழி.

மூன்றாவது கேள்வி: எஞ்சின் வள்ளத்துக்கு ஏற்றதா?

தங்கை போய் முதலாவது வள்ளத்தின் தகட்டைத் துடைத்துப் படித்தாள். 10 குதிரைவலுவுக்கு மேல் பூட்டக்கூடாது என்று இருந்தது. விற்பவர் பூட்டியிருந்ததோ 15. பெரிய எஞ்சின் கிடைப்பதை இலாபம் என்று நினைத்தார் அவள் கணவர். பாரம் கூடிய எஞ்சின் வள்ளத்தின் பின்பக்கத்தை அமிழ்த்தும். திடீரென்று திருப்பினால் சிறு வள்ளம் கவிழவும் கூடும்.

கனடாவில் 10 குதிரைவலுவும் அதற்கு மேலும் உள்ள எஞ்சின் பூட்டிய வள்ளத்துக்குப் பதிவு இலக்கம் எடுக்க வேண்டும். எஞ்சின் எவ்வளவு சிறிதானாலும் ஓட்டுபவரிடம் அதற்கான தகுதி அட்டை இருக்க வேண்டும். எஞ்சினில் ஒரு சுருள் கயிறு இருக்கும். அதன் மறுமுனையை ஓட்டுபவர் தன் உடலில் மாட்டிக்கொள்ள வேண்டும். அவர் தவறி விழுந்தால் கயிறு இழுபட்டு எஞ்சின் நின்றுவிடும். வள்ளம் பிள்ளைகளோடு தன்பாட்டில் ஓடாமல் காப்பது இந்தக் கயிறுதான்.

நான்காவது கேள்வி: தண்ணீர் புகுந்தால்?

அலுமினியத் தகடுகளைச் சில வள்ளங்களில் ரிவெட் ஆணியால் இணைத்திருப்பார்கள், சிலவற்றில் ஒட்டு வைத்திருப்பார்கள். பழைய ரிவெட்டுகள் தளர்ந்து ஒழுகும். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வள்ளத்தைத் தரையில் வைத்து உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, வெளியே எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். ஓட்டைப் பானையைக் கண்டுபிடிக்கிற அதே வழிதான். எஞ்சின் மாட்டும் பின்பலகை உளுத்திருக்கிறதா என்றும் தட்டிப் பார்க்க வேண்டும். ஆசனங்களின் கீழே நுரைக் கட்டிகள் இருக்கின்றனவா என்றும் கேட்க வேண்டும். அவை இருந்தால் வள்ளத்தில் தண்ணீர் நிறைந்தாலும் அது அடியில் போகாது. அப்படி ஆனால் கரைக்கு நீந்தப் பார்க்காமல் வள்ளத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அங்கி உடம்பில் இருக்க வேண்டும்

உயிர்காப்பு அங்கி வள்ளத்தில் கிடந்தால் போதாது. கரையிலேயே போட்டு, பட்டிகளை இறுக்கிய பிறகுதான் ஏற வேண்டும். பிள்ளையின் அங்கியைத் தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அது காதுவரை ஏறினால் பெரிய அளவு. பிள்ளை அதிலிருந்து நழுவிவிடும்.

குளிர்ந்த தண்ணீரைப் பற்றிக் கனடாவில் ஒரு கணக்கைச் சொல்லிக் கொடுக்கிறார்கள். மனித்தோபாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பரப்பியது. 1-10-1 என்பார்கள். கடுங்குளிர் நீரில் விழுந்தால் மூச்சு வாங்குவது அடங்க 1 நிமிடம். கைகால் சொன்னதைக் கேட்பது 10 நிமிடம். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணித்தியாலம். கை விறைத்த பிறகு அங்கியின் பட்டியைப் பூட்ட முடியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவருக்கும் அங்கி வேண்டும் என்பது இதனால்தான்.

நமக்கும் இதே கேள்விகள்தான்

நாம் வள்ளம் வாங்கப் போவதில்லை. ஆனால் பிள்ளைகளோடு வள்ளம் ஏறத்தான் செய்கிறோம். நுவரெலியாவில் 1873இல் அமைக்கப்பட்ட கிரகரி வாவியில் ஏறுகிறோம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் போகிறோம். 2009 செப்டெம்பர் 30ஆம் திகதி கேரளாவின் தேக்கடி ஏரியில், கரையில் நின்ற விலங்குகளைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டபோது உல்லாசப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் மிதவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உட்படப் பலரை இழந்தோம். அந்தப் பிள்ளைகள் உல்லாசத்துக்கு ஏறியவர்கள் அல்லர். பாடசாலைக்குப் போக ஏறியவர்கள்.

ஆகவே ஏறுமுன் கேளுங்கள்: எத்தனை பேர் ஏற்றுவீர்கள்? பிள்ளைகளின் அளவுக்கு அங்கி இருக்கிறதா? காற்று எப்படி? பதில் பிடிக்கவில்லை என்றால் இறங்கிவிடுங்கள், அடுத்த படகு வரட்டும். "காசு கொடுத்தாச்சே", "எல்லாரும் பார்க்கிறார்களே" என்று கூசவேண்டாம். போர்க் காலத்தில் வந்த வள்ளத்தில் ஏறினோம்; எண்ணிப் பார்க்க நமக்கு வழி இருக்கவில்லை. இன்று உல்லாசமாகப் போகும்போது எண்ணலாம், கேட்கலாம், வேண்டாம் என்று சொல்லலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் தங்கை இங்கே வந்திருந்தபோது காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்க்கப் போனோம். கெசல்கமு ஓயாவை மறித்து 1965இல் உருவாக்கிய பெரிய நீர்த்தேக்கம் அது. பிள்ளைகள் வள்ளத்தைக் காட்டிக் கேட்டார்கள். அவள் பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எதற்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கும் அன்று அவளிடம் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

கடைசியில் அவர்கள் 14 அடி வள்ளத்தையே வாங்கினார்கள். தகட்டைப் படித்துக் காட்டியதும் கணவர் மறுபேச்சுப் பேசவில்லையாம். நான்கு பேருக்கு மேல் ஏறுவதில்லை, அங்கி இல்லாமல் எவரும் ஏறுவதில்லை, காற்று எழும்பினால் திரும்பிவிட வேண்டும் என்று அவள் மூன்று நிபந்தனை வைத்தாள். முதல் நாள் அவளே மாமியாருடன் கரையில் இருந்துகொண்டாள். இரண்டாம் முறை ஏறினாள். அரை மணித்தியாலம் கரையோரமாகவே ஓடியதாகச் சொன்னாள். பயம் போய்விட்டதா என்று கேட்டேன். "இல்லக்கா. ஆனா இந்த வாட்டி எத்தன பேருன்னு நான்தான் எண்ணுனேன்" என்றாள்.

சிறு வள்ளத்தில் தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம் வைத்திருக்க வேண்டும் என்பது கனடாவின் விதி. கடையில் அதற்கென்றே விற்கிறார்களாம். அவள் ஒரு பால்மா டின்னைக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறாள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.