உரோமக் கலை: வழியா, நகலா?

முன்னுரை

கிரேக்கர் கலையைப் படைத்தனர், உரோமர் அதனைப் படியெடுத்தனர் என்னும் கருத்து உலக நாகரிக வரலாறு கூறும் நூல்களில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. தமிழில் எழுதப்பெறும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் பலவும் இதனை ஆராயாமலே எடுத்தாள்கின்றன. சட்டம், படை, சாலை ஆகியவற்றை உரோமர்க்கு ஒதுக்கிவிட்டுக் கலை என்றதும் ஏதென்சு நகரை நோக்கித் திரும்புவது வழக்கமாகிவிட்டது. இக்கருத்து சான்றுகளுக்குப் பொருந்தாதது. அன்றியும், தமிழாய்வாளர் இதனை ஏற்பது தம் மரபு வகுத்த அளவுகோலையே கைவிடுவதாகும். இவ்விரண்டையும் நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கருத்தின் தோற்றம்

இக்கருத்திற்கு வலுவூட்டியவருள் முதன்மையானவர் செருமானிய அறிஞர் விங்கல்மன். அவர்தம் பண்டைக் கலை வரலாற்று நூல் 1764இல் வெளிவந்தது. கிரேக்கக் கலையை உச்சத்தில் வைத்துப் போற்றிய அவர் கிரேக்க நாட்டிற்குச் சென்றதே இல்லை; உரோமில் இருந்த சிலைகளைக் கண்டே எழுதினார். அவர் வியந்து போற்றிய பெல்வெடேர் அப்போலோ சிலை கி.பி. 2ஆம் நூற்றாண்டில் உரோமர் காலத்தில் வடிக்கப்பெற்ற பளிங்குச் சிலை என்பதே இன்று பெரிதும் ஏற்கப்படும் கருத்து. அதற்கு மூலமாகச் சுட்டப்படும் கிரேக்க வெண்கலச் சிலை கிடைக்கவில்லை. காணாத மூலத்தை உயர்த்தி, கண்ட சிலையை நகலாக்கிய முறை இது. ஒவ்வோர் உரோமச் சிலைக்குப் பின்னும் ஒரு கிரேக்க மூலம் இருந்தே தீரும் என்னும் எண்ணத்தைப் புரூனில்டு ரிட்ஜ்வே 1984இல் வெளியிட்ட நூலில் கேள்விக்குள்ளாக்கினார். அதன் பின்னரும் பழைய கருத்தே பாடமாகச் சொல்லப்படுவது வருந்தத்தக்கது.

எதிர்த்தரப்பின் சான்றுகள்

எதிர்த்தரப்பிடம் சான்றுகள் இல்லாமல் இல்லை. கி.மு. 212இல் சிரக்கூசையும் கி.மு. 146இல் கொரிந்தையும் வென்ற உரோமர் அந்நகர்களின் கலைச்செல்வங்களை வாரிக்கொண்டு வந்தனர். வர்ஜிலின் ஈனிட் காப்பியத்தில், சிலை வடிப்பதில் பிறர் சிறக்கட்டும், ஆள்வதே உரோமர் கலை என்னும் பொருள்பட அன்கைசிசு பேசுகிறான். உரோமரே ஒப்புக்கொண்டபின் வழக்கு ஏது என்பர். ஆட்சியின் பெருமையை உயர்த்த ஏனையவற்றை விட்டுக்கொடுக்கும் காப்பியக் கூற்று அது. கலை வரலாற்று வாக்குமூலம் அன்று. அவையடக்கத்தில் தம்மைத் தாழ்த்திக்கொண்டார் என்பதற்காகக் கம்பரைச் சிறு புலவராகக் கொள்வார் எவருமிலர்.

கட்டடக்கலை காட்டும் உண்மை

கிரேக்கக் கோயில் தூணும் உத்திரமும் கொண்டு எழுந்தது. பலியிடும் மேடை வெளியே அமைந்ததால் அதன் அழகும் பெரும்பாலும் புறத்தோற்றத்திலேயே நின்றது. உரோமரோ வளைவையும் கவிகையையும் கற்காரையையும் இணைத்து உள்வெளியையே கலைப்பொருளாக்கினர். வளைவு அவர்தம் கண்டுபிடிப்பன்று. மெசப்பொத்தேமியரும் எட்ரஸ்கரும் அதனை முன்னரே அறிந்திருந்தனர். ஆயினும் அதனைக் கொண்டு உரோமர் எழுப்பியவற்றிற்கு முன்மாதிரி இல்லை.

ஆட்ரியன் காலத்தில் கி.பி. 126ஐ ஒட்டி நிறைவுற்ற பாந்தியன் கோயில் இதற்குத் தக்க சான்று. அதன் கவிகையின் விட்டம் ஏறத்தாழ 43.3 மீட்டர், தரையிலிருந்து உச்சித் திறப்பு வரையுள்ள உயரமும் ஏறத்தாழ அதே அளவு. இரும்புக் கம்பி இடாத கற்காரைக் கவிகைகளுள் இன்றளவும் இதுவே பெரியது. அடியில் கனமான கற்களையும் மேலே செல்லச் செல்ல எடை குறைந்த எரிமலைக் கற்களையும் கலந்து பாரத்தைக் குறைத்துள்ளனர். இக்காரைக்குரிய எரிமலைச் சாம்பல் பற்றி விட்ருவியசு தம் பத்துப் பகுதி நூலுள் விளக்கியுள்ளார். உரோமக் காரையில் காணப்படும் சுண்ணாம்புத் துணுக்குகள் நீர் பட்டபோது கரைந்து விரிசலை அடைக்க உதவின என 2023இல் வெளிவந்த ஆய்வொன்று விளக்கியது. இவற்றுள் எதனைக் கிரேக்கரிடமிருந்து படியெடுத்தனர் என்று கூறவியலும்?

கி.பி. 80இல் திறக்கப்பெற்ற கொலோசியத்தின் முகப்பில் கிரேக்கத் தூண் வகைகள் அடுக்கடுக்காக நிற்பதை எதிர்த்தரப்பினர் காட்டுவர். அத்தூண்கள் அணிகளே, பாரத்தைத் தாங்குவன வளைவுகள். அணியைக் கண்டு யாப்பைக் கடன் என்பது ஆய்வு நெறியாகாது.

சிற்பம் காட்டும் உண்மை

1863இல் பிரிமா போர்ட்டாவில் கிடைத்த அகஸ்டசு சிலையின் நிற்கும் நிலை பாலிகிளீட்டசின் ஈட்டி ஏந்தியவனை நினைவூட்டுகிறது. ஆனால் அதன் மார்புக் கவசத்தில், பார்த்தியர் கைப்பற்றியிருந்த உரோமப் படைக்கொடிகள் கி.மு. 20இல் மீட்கப்பட்ட செய்தி செதுக்கப்பட்டுள்ளது. நிலை கிரேக்கருடையது, கூற்று உரோமருடையது. சுருக்கம் விழுந்த முதியோர் முகங்களை மறைக்காமல் காட்டும் குடியரசுக் கால உருவச் சிலைகள் வேறொரு மரபைச் சார்ந்தவை. முன்னோர் முகவுருக்களை இறுதி ஊர்வலத்தில் ஏந்திச் செல்லும் உரோம வழக்கத்தைக் கிரேக்கரான பொலிபியசே தனிச்சிறப்புடையதாகக் கண்டு எழுதினார். கி.பி. 113இல் எழுந்த திராஜன் தூணில் டேசியப் போர்கள் கீழிருந்து மேலாகச் சுற்றிச் சுற்றி, ஏறத்தாழ 200 மீட்டர் நீளத்திற்குத் தொடர்கதையாகச் செல்கின்றன.

தமிழ் மரபின் அளவுகோல்

தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் எனப் பகுத்து, வழிநூலைத் தொகை, விரி, தொகைவிரி, மொழிபெயர்ப்பு என நான்காக்குகிறது. நன்னூல் வழிநூலாசிரியன் தான் வேண்டும் வேறுபாட்டைச் சேர்க்க இடந்தருகிறது. வழி என்பது இழிவன்று. அது ஒரு படைப்பு முறை. வான்மீகியின் வழி வந்தவர் கம்பர் என்று கூறும் எவரும் கம்பரை நகலர் என்பதில்லை. வடமொழிக்குக் கடன்பட்டது என்று கூறித் தமிழின் தனித்தன்மையை மறுத்தோர்க்கு எதிராகத் தமிழறிஞர் நீண்ட போர் நடத்தினர். அதே வாதம் உரோமர்மீது வீசப்படும்போது தலையசைப்பது முரண் அல்லவா?

யவனர் என்னும் சொல் சங்க நூல்களில் கிரேக்கரையும் உரோமரையும் ஒருங்கே குறித்து நிற்பதும் இவ்வேறுபாட்டை மங்கச் செய்திருக்கலாம். அயலது என்னும் முடிவு எத்துணை எளிதாகத் தவறக்கூடும் என்பதற்கு அரிக்கமேடே சான்று. அங்கு 1945இல் அகழ்ந்த வீலர் மத்தியதரைக் கடற்பகுதியின என்று கருதிய ரௌலட்டட் மட்கலங்கள் இந்தியாவில் வனையப்பட்டவை எனப் பின்னைய ஆய்வுகள் தெளிவுபடுத்தின. சிறந்தது பிறரது எனக் கொள்ளும் முன்முடிவு இந்திய மட்கலத்தையும் விட்டுவைக்கவில்லை.

முடிவுரை

உரோமரின் புகழைப் பாடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொலோசியத்தின் மணலில் மனிதர் கொல்லப்படுவது வேடிக்கையாயிற்று. திராஜன் தூணின் கதையில் அடிமைப்பட்ட மக்களின் துயரும் உண்டு. இவற்றை மறைத்தல் கூடாது. ஆனால் ஒரு மக்களின் கொடுமைக்கு அவர்களைப் பொறுப்பாக்கிவிட்டு, அவர்தம் ஆக்கத்திற்கு மட்டும் வேறொருவரை உரியவராக்குதல் நடுநிலையாகாது. கடன் பெற்றனரா என்னும் வினாவோடு நிற்காது, பெற்றதைக் கொண்டு என்ன செய்தனர் என்று வினவுவதே ஒப்பாய்வின் கடமை. வழிநூல் என்னும் கருத்தை வகுத்தளித்த மரபினர்க்கு அவ்வினாவை எழுப்பும் தகுதி பிறரினும் மிகுதியாக உண்டு.