யாரை மாற்ற இந்தப் படிப்பு?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் குறித்து நாங்கள் முதன்முதலாக இணையவழியில் நடத்திய ஆறு வாரப் படிப்பு ஒரு தோல்வி. இதை மறைக்க ஒன்றுமில்லை தோழர்களே. காணொளிகள் தெளிவாகத்தான் இருந்தன. 1989 சட்டம், 1995 விதிகள், 2015 திருத்தம் எல்லாம் வரிசையாக வந்தன. வாரம் பத்துக் கேள்விகள். வழக்கைப் புலனாய்வு செய்பவர் எந்தப் பதவிக்குக் குறையாதவராக இருக்க வேண்டும் என்று கேட்டால் டி.எஸ்.பி. என்று சரியாகக் குறித்தார்கள். முழு மதிப்பெண் வாங்கியவர்களுக்குச் சான்றிதழ் பி.டி.எஃப். ஆகப் போனது.

அப்படி முழு மதிப்பெண் வாங்கிய ஒரு தம்பி இரண்டு மாதம் கழித்து இரவில் போன் செய்தான். அவன் மாமாவைச் சாதிப் பேர் சொல்லி ஊர்த்தெருவில் அடித்திருக்கிறார்கள். காவல் நிலையத்தில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "அண்ணே, இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டான். நிலைய அதிகாரி புகாரைப் பதிய மறுத்தால் விவரத்தை எழுதி எஸ்.பி.க்குத் தபாலில் அனுப்பலாம் என்று விதி 5 சொல்கிறது. நான்காம் வாரப் பாடத்தில் அது இருந்தது. அவன் அந்தக் கேள்விக்குச் சரியான விடைதான் குறித்திருந்தான். நிலையத்து வாசலில் நின்றபோது அது அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. குறை அவனிடத்தில் இல்லை, நாங்கள் பாடம் அமைத்த விதத்தில் இருந்தது.

கற்பவரையே மாற்றும் கல்வி என்று இப்போது இணையப் படிப்பு நடத்துகிற எல்லோரும் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு ஒரு வரலாறு உண்டு. படிப்பை விட்டுப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய பெண்களை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் ஜாக் மெசிரோ 1978இல் அந்தக் கருத்தை முன்வைத்தார். இதுவரை நம்பியிருந்தது உடைந்துபோகும் ஓர் அதிர்ச்சியிலிருந்து மாற்றம் தொடங்குகிறது என்பது அதன் அடிப்படை. பாவ்லோ ஃப்ரையரிடமிருந்தும் அவர் எடுத்துக்கொண்டார். நல்ல கருத்துதான். ஆனால் சேரியிலிருந்து வரும் பிள்ளைக்கு அந்த அதிர்ச்சியைப் படிப்பு தரவேண்டியதில்லை. ஒன்றாம் வகுப்பிலேயே தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவளுக்கு அது கிடைத்துவிட்டது.

இதைப் புரிந்துகொள்ளாமல் பாடம் அமைத்தால் என்ன நடக்கும் என்பதையும் பார்த்தோம். எங்கள் தங்கை ஒருத்தி வேறொரு நிறுவனத்தின் சமூகநீதிப் படிப்பில் சேர்ந்தாள். முதல் வாரப் பயிற்சியே, சாதியை நீங்கள் முதலில் உணர்ந்த தருணத்தை எல்லோரும் படிக்கும்படி எழுதுங்கள் என்பது. அவள் எழுதினாள். மற்றவர்கள் தங்கள் வீட்டில் சாதியே பார்த்ததில்லை என்று எழுதினார்கள். அவள் எழுதியதைப் படித்துக் கண்கலங்கியதாகவும் தாங்கள் மாறிவிட்டதாகவும் நன்றி சொன்னார்கள். இரண்டாம் வாரமும் அதே போல. மூன்றாம் வாரம் அவள் நின்றுவிட்டாள். "அவங்க மாறுறதுக்கு நான் எத்தனை தடவ அழணும்க்கா?" என்று கேட்டாள். படிப்பைப் பாதியில் விட்டவர்கள் கணக்கில் அவளும் ஒருத்தி. ஏன் விட்டாள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமில்லை.

எனவே எங்கள் படிப்பை அடியிலிருந்து மாற்றினோம். முதலில் நேரம். 1946இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கிய அம்பேத்கர், வேலைக்குப் போகிறவர்களும் படிக்கட்டும் என்று காலை வகுப்புகளை வைத்தார். கால அட்டவணையும் பாடத்திட்டத்தின் பகுதிதான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எங்கள் மாணவர்களில் பலர் வீட்டில் ஒரே செல்போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது. 2020 ஊரடங்கில் இதையெல்லாம் பார்த்தும் நாங்கள் மாலை ஐந்து மணிக்கு ஜூம் வைத்தோம் என்பதை இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இப்போது நேரலை கிடையாது. ஐந்து நிமிடக் குரல் பதிவுகள், இரண்டு பக்கப் படிப்பு. கேமராவை அணைத்து வைத்தால் யாரும் காரணம் கேட்கக் கூடாது. வாட்ஸ்அப்பில் பெரிய குழு வைத்தால் எல்லோர் எண்ணும் எல்லோருக்கும் தெரியும், அதன் பிறகு பெண் பிள்ளைகளுக்கு என்ன தொல்லை வரும் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் ஐந்தைந்து பேராகப் பிரித்தோம். பெண்கள் குழுவை வழக்குகளில் அலைந்து பழகிய ஓர் அக்கா நடத்துகிறார்.

முதல் வாரத்தில் சட்டமே இல்லை. உங்கள் ஊரை நடந்து பார்த்து ஒரு தாளில் வரைந்து வாருங்கள், அவ்வளவுதான். ரேஷன் கடை எந்தப் பக்கம், சுடுகாட்டுக்கு வழி எது, எந்தத் தெருவில் வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போகவேண்டும். யாரும் தன் காயத்தை எழுதவேண்டாம், ஊரை வரைந்தால் போதும். இரண்டாம் வாரம் அந்த வரைபடத்தின் பக்கத்தில் சட்டத்தின் பிரிவு 3ஐ வைத்துப் படித்தோம். செத்த மாட்டைத் தூக்கவோ குழி வெட்டவோ கட்டாயப்படுத்துவது குற்றம் என்று அதில் இருக்கிறது. ஒரு மாணவன் நெடுநேரம் பேசவே இல்லை. பிறகு, "அது எங்க தாத்தாவோட வேலைன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றான்.

கேள்வித்தாளை எடுத்துவிட்டோம். அதற்குப் பதில் ஒவ்வொருவரும் ஒரு புகார் எழுதவேண்டும். தேதி, நேரம், இடம், சொன்ன சொல், பார்த்த சாட்சி. எழுதியதைக் குழுவில் ஒருவர் போலீஸ்காரர் போலக் குறுக்குக் கேள்வி கேட்பார். மூன்று முறை திருத்திய பிறகுதான் அடுத்த பாடம். கடைசி வேலை, தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. கலெக்டர் தலைமையிலான மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூடவேண்டும் என்பது விதி. கடைசியாக என்று கூடியது, கூட்டக் குறிப்பைக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். பதில் வர 30 நாள் ஆகும். ஆகவே ஆறு வாரம் என்ற கணக்கையும் விட்டோம். அரசு முத்திரையோடு தன் பெயருக்கு வந்த தபாலை வீட்டில் எல்லோரும் தொட்டுத் தொட்டுப் பார்த்ததாக ஒரு மாணவி குரல் பதிவு அனுப்பினாள். உள்ளே இருந்த பதில் மழுப்பல்தான். மேல்முறையீட்டை அவளே எழுதினாள்.

தலித் அல்லாத மாணவர்களுக்கும் இதே படிப்பைத் தனிக் குழுவாக நடத்துகிறோம். அவர்களுக்கும் முதல் வேலை வரைபடம்தான், ஆனால் தங்கள் தெருவுடையது, தங்கள் வீட்டுடையது. வேலைக்கு வருகிறவர் எந்த வாசல் வழியே வருகிறார், எந்த டம்ளரில் குடிக்கிறார், அந்த நிலம் எப்படித் தங்களுடையதாயிற்று என்று பாட்டியிடம் கேட்டு எழுதவேண்டும். எங்கள் கண்ணீர் அவர்களுக்குப் பாடநூல் இல்லை. சிலர் இந்த இடத்திலேயே விலகிவிட்டார்கள். அதற்காகப் பயிற்சியை இலகுவாக்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை.

இரண்டு குழுவையும் கடைசியிலாவது ஒன்றாக உட்காரவைக்கலாமா என்பதில்தான் எங்களுக்குள் சண்டை ஓயவில்லை. நாளைக்கு ஒரே அலுவலகத்தில் வேலை பார்க்கப் போகிறவர்கள், இங்கேயே பேசிப் பழகட்டும் என்கிறார்கள் சிலர். அந்தத் தங்கை அழுததை அதற்குள் மறந்துவிட்டீர்களா என்கிறார்கள் மற்றவர்கள். அடுத்த அணி தொடங்கும் முன் இரண்டு குழுவிலும் படித்து முடித்தவர்களையே தனித்தனியாகக் கேட்கப் போகிறோம். நம் பிள்ளைகள் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.